கொல்லைக் கொட்டகையைக் கோழிக்கூடாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை சும்மா கிடக்கும். உரச்சாக்கு, மருந்தடிக்கும் டேங்க், அறுந்த ஓஸ் பைப், என்றைக்காவது ஆகும் என்று வைத்த பழைய ஜன்னல் எல்லாம் உள்ளே இருக்கும். வீட்டில் யாராவது "இதைக் காலி பண்ணி நாலு கோழி விடலாமே" என்று சொன்னதும் கேள்விகள் ஆரம்பிக்கும். எங்கள் கொங்குப் பக்கத்தில் இப்படி மாற்றிய கொட்டகைகள் நிறைய உண்டு, என்னுடையதும் அதில் ஒன்று. என்னிடம் அடிக்கடி கேட்கப்படுபவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எட்டுக்குப் பத்து அடி மாதிரியான சின்னக் கொட்டகை, பத்து முதல் இருபத்தைந்து நாட்டுக்கோழி, பகலில் மேயவிட்டு இரவில் அடைப்பது, இதுதான் கணக்கு. ஆயிரக்கணக்கில் வளர்க்கும் நாமக்கல் பண்ணைகளின் பொருளாதாரம் வேறு, அதை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

எந்தக் கொட்டகையையும் கோழிக்கு மாற்றிவிட முடியுமா?

முக்கால்வாசி முடியும். ஆனால் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சாமான் வைக்கும் கொட்டகையை நாம் மழையும் காற்றும் உள்ளே வராதபடி கட்டியிருப்போம். கோழிக்கு அப்படி மூடிய அறை ஆகாது. காற்று தாராளமாக வந்து போகவேண்டும், கீரியும் நாயும் மட்டும் வரக்கூடாது. எனவே இந்த வேலையில் பாதி, ஏற்கெனவே மூடியிருப்பதைத் திறப்பதுதான். எங்கள் கொத்தனார் "ஏனுங்க, கோழிக்கு எதுக்குங்க இத்தனை ஜன்னல், வீட்டுக்கே இவ்வளவு வெக்கலையே" என்று சிரித்தார். அவர் சொன்னது வாஸ்தவம்தான், ஆனாலும் கோழிக்கு வேண்டும்.

மாற்றவே கூடாத கொட்டகை என்றால் மூன்றைச் சொல்வேன். மழைக்காலத்தில் தரையில் தண்ணீர் ஊறும் பள்ளமான இடம். கையைத் தூக்கினால் தகரம் இடிக்கும் அளவுக்குத் தாழ்ந்த கூரை, ஏனென்றால் சித்திரை வெயிலில் அதற்குள் எதுவும் பிழைக்காது. மூன்றாவது, ஸ்டார்ட்டர் பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் ரூம். கோழி இருக்கும் இடத்தில் இறகுத் தூசியும் உமித் தூசியும் பறந்துகொண்டே இருக்கும். அது மின்சாரப் பெட்டிக்குள் படிவது நெருப்புக்கு வழி. மோட்டாரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டால் அந்த ரூம் நல்ல ரூம்.

எட்டுக்குப் பத்து அடியில் எத்தனை கோழி விடலாம்?

உள்ளேயே அடைத்து வளர்க்கும் கோழிக்குத் தலைக்கு 2 சதுர அடி என்பது பொதுவான கணக்கு. அந்தக் கணக்கில் 80 சதுர அடிக்கு 40 கோழி வரும். காகிதத்தில் மட்டும்தான் வரும். தீவனத் தொட்டி, தண்ணீர், முட்டையிடும் பெட்டி எல்லாம் இடத்தைப் பிடிக்கும், நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்ளும். 20-25 என்று நிறுத்துங்கள். முதல்முறை வளர்ப்பவர்கள் பத்துப் பன்னிரண்டில் ஆரம்பித்தால் போதும். நெருக்கினால் முதலில் தெரிவது ஒன்றையொன்று கொத்துவது. வால் பக்கம் இறகு போய்த் தோல் சிவந்து ரத்தம் தெரிந்துவிட்டால், மற்றதெல்லாம் சேர்ந்து அதே இடத்தைக் கொத்தும். அப்படிக் கொத்துப்பட்டதை உடனே தனியாகப் பஞ்சாரத்தில் போட்டு மூடி வைக்க வேண்டும்.

முதல் வேலை என்ன? சுவரா, கூரையா?

இரண்டும் இல்லை, சுத்தம். பெருக்கித் தண்ணீர் ஊற்றிவிட்டால் சுத்தம் ஆகிவிடாது.

உரமும் பூச்சிமருந்தும் இருந்த கொட்டகை என்றால் மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். குருணை மருந்து, அதாவது ஃபோரேட், கார்போஃபியூரான் மாதிரி மணல் போல இருக்கும் மருந்து, பறவைகளுக்கு எமன். கோழி இரையை அரைப்பதற்காகச் சின்னக் கல்லைத் தேடித்தேடி விழுங்கும் பிராணி. அதன் கண்ணுக்கு அந்தக் குருணையும் கல்தான். ஃபோரேட் இந்தியாவில் 2020-இறுதியோடு தடை செய்யப்பட்டுவிட்டது, ஆனால் பழைய பாக்கெட் பரணில் கிடப்பதை யார் தடுத்தார்கள்? மண்தரையாக இருந்து, அதில் மருந்து கொட்டியிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் மேல்மண்ணை அரை அடி வெட்டி எடுத்துவிடுங்கள். வெட்டிய மண்ணைத் தோட்டத்தில் போடாதீர்கள், கோழி அங்கேயும் போகும்.

அடுத்து ஆணி, கம்பித் துண்டு, ஸ்க்ரூ, வயர் நறுக்கு. மினுக்குகிற எதையும் கோழி கொத்தும், இரைப்பையில் போய்க் குத்தும். ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்தால் நீங்கள் பார்க்காதது எவ்வளவு ஒட்டுகிறது என்று தெரியும். தெர்மாகோல் இருந்தால் ஒரு துணுக்கு விடாமல் வெளியேற்றுங்கள். ஏன் என்று தெரியவில்லை, கோழிக்குத் தெர்மாகோல் என்றால் அப்படி ஒரு ஆசை.

முன்பு யாரோ அதில் கோழி வளர்த்தார்களாம். அப்படியானால் வேலை மிச்சம்தானே?

வேலை கூடுதல். கோழி உண்ணி பகலில் சுவர் வெடிப்பிலும் மரச்சட்டத்தின் சந்திலும் ஒளிந்திருந்து இரவில் வந்து ரத்தம் குடிக்கும். கோழியே இல்லாவிட்டாலும் மாதக்கணக்கில், சில சமயம் வருடத்துக்கு மேலும், பட்டினியாக உயிரோடு இருக்கும். நீங்கள் புதுக்கோழி விட்ட அன்றைக்கு ராத்திரி அதற்கு விருந்து. வெடிப்பை எல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்து, பழைய மரத்தைத் தூக்கி எறிந்து, சுவருக்குச் சுண்ணாம்பு இரண்டு கோட் அடியுங்கள். காய்ந்த பிறகுதான் கோழி. சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோழி வந்த பிறகு, மாதம் ஒருமுறையாவது இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு உள்ளே போய், அவை அடைந்திருக்கும் கட்டையின் அடிப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியைத் தேய்த்துப் பாருங்கள். துணியில் சிவப்புக் கோடு விழுந்தால் செள், அதாவது ரத்தம் குடிக்கும் பொடிப்பூச்சி, இருக்கிறது என்று அர்த்தம். பகலில் எவ்வளவு தேடினாலும் அகப்படாது.

தரை மண்ணாக இருக்கலாமா, சிமெண்ட் போடணுமா?

மண்தரை கோழிக்குப் பிடிக்கும், பெருச்சாளிக்கும் பிடிக்கும். அதுதான் சிக்கல். பெருச்சாளி சுவர் ஓரமாகத் தோண்டி வந்து முட்டையைத் தூக்கும், குஞ்சைத் தூக்கும். அது போட்ட வளையில் பின்னாலேயே பாம்பு வரும். கையில் காசு இருந்தால் உடைகல் பரப்பி மேலே சிமெண்ட் போட்டு, வாசல் பக்கம் லேசாகச் சரிவு விட்டுவிடுங்கள், கழுவவும் வசதி. வெளித்தரையை விட ஒரு அடி உயரமாக இருந்தால் ஐப்பசி அடைமழையில் நிம்மதியாகத் தூங்கலாம். மண்தரைதான் என்று முடிவானால் சுவரின் வெளிப்பக்கம் சுற்றிலும் வெல்டு மெஷ்ஷை, அதாவது பற்றவைத்த கெட்டிக் கம்பிவலையை, ஒன்றரை அடிக்குப் படுக்கை வாட்டில் விரித்து மேலே மண் மூடிவிடுங்கள். தோண்டி வரும் பிராணி சுவரை ஒட்டித்தான் தோண்டும். கம்பி தட்டுப்பட்டதும் இன்னும் கொஞ்சம் அந்தண்டை தள்ளித் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை.

சுவரை எவ்வளவு திறப்பது?

நீளப்பக்கம் இரண்டிலும் அடியில் ஒன்று, ஒன்றரை அடி சுவரை மட்டும் விட்டு, அதற்கு மேல் கூரை வரை வலை. பண்ணைக் கொட்டகையெல்லாம் அப்படித்தான் இருக்கும். ஆங்கிள் சட்டத்தில் தகரம் அடித்த கொட்டகை என்றால் தகரத்தை வெட்டி எடுத்துவிட்டு வலையைச் சட்டத்தில் அடிப்பது அரை நாள் வேலை. செங்கல் சுவரென்றால் நிதானம் வேண்டும். கூரையின் பாரம் அந்தச் சுவர் மேல் நிற்கிறதென்றால் முழுசாக இடிக்கக் கூடாது. கொத்தனாரை வைத்து, மேலே லிண்டல் கொடுத்து, பெரிய ஜன்னல் மாதிரி திறப்புகள் விட்டால் போதும். கொட்டகையின் நீளவாட்டு கிழக்கு மேற்காக அமைந்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், காலை வெயிலும் மாலை வெயிலும் அகலப்பக்கச் சுவரில்தான் விழும். வடக்குத் தெற்காக இருந்தால் மேற்குப் பக்கத்தைத் திறந்த கையோடு அந்தப் பக்கம் ஒரு முருங்கையோ அகத்தியோ வைத்துவிடுங்கள், நிழலுக்கு நிழல், கீரைக்குக் கீரை.

திறந்தது போதுமா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். விடியற்காலை கதவைத் திறந்தவுடன் உள்ளே போய்க் குத்துக்காலிட்டு உட்காருங்கள், உங்கள் மூக்கு கோழியின் உயரத்துக்கு வரவேண்டும். கண் கரித்தால், மூக்கில் அமோனியா ஏறினால், இன்னும் திறக்கவேண்டும். நின்றுகொண்டு மோந்து பார்த்துவிட்டு "வாடையே இல்லைங்க" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

மழைச்சாரலுக்கு? கூரையை வெளியே மூன்றடி இழுத்துவிடுவது நல்லது. முடியாவிட்டால் உரச்சாக்கைப் பிரித்துத் தைத்துச் சுருட்டி இறக்கும் படுதா. அதை மேலிருந்து கட்டாமல் கீழே கட்டி மேலே இழுக்கும்படி வையுங்கள். சாரலின்போது கீழே மட்டும் மறைத்துக்கொள்ளலாம், மேலே சூடும் ஆவியும் போக வழி இருக்கும்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பயப்படணுமா?

உடையாமல் ஒழுங்காக இருக்கும் ஷீட் தன்பாட்டில் கிடக்கட்டும். அதை வெட்டுவது, டிரில் போடுவது, கம்பி பிரஷ்ஷால் பாசி தேய்ப்பது, இதெல்லாம்தான் ஆபத்து. உள்ளே இருக்கும் கல்நார் இழை கண்ணுக்குத் தெரியாத தூசியாகப் பறந்து நுரையீரலில் போய்த் தங்கும். கோழிக்கு வருவதை விடுங்கள், வேலை செய்யும் ஆளுக்கு வரும், அதுவும் இருபது முப்பது வருடம் கழித்து வரும். எனவே கொட்டகையின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கூரையில் கைவைக்காமல் சுவரில் மட்டும் வேலை செய்வது மாதிரித் திட்டம் போடுங்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றால் தண்ணீர் அடித்து நனைத்து, நல்ல மாஸ்க் போட்டு, உடைக்காமல் முழு ஷீட்டாக இறக்க வேண்டும். உடைந்த துண்டைக் கோழி மேயும் இடத்தில் பரப்பி "சேறு ஆகாது" என்று வேலை பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். வேண்டாம்.

தகரக் கூரை. வெயில் காலத்தில் என்ன செய்வது?

என்னைக் கேட்டால், குளிரைப் பற்றிய கவலையை ஊட்டிக்காரர்களுக்கு விட்டுவிட்டு நாம் வெயிலைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும். கோழிக்கு வியர்க்காது. அதன் உடம்புச் சூடே 41 டிகிரி. வெளியே 35-ஐத் தாண்டினால் வாயைப் பிளந்து இறக்கையை விரித்து மூச்சு வாங்கும், தீனி குறையும், முட்டை ஓடு மெலியும். அதற்கு மேலும் ஏறினால் மத்தியானம் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் செத்து விழும், அதிலும் கொழுத்த கோழிதான் முதலில் போகும்.

தகரத்தின் மேல் தென்னங்கீற்று போடுங்கள், அதைவிட மலிவாக எதுவும் இல்லை. கீற்று போடும் வசதி இல்லையென்றால் வெள்ளைச் சுண்ணாம்பு, ஒட்டுவதற்குக் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, பங்குனிக்கு முன்னால் ஒரு தரம் அடித்துவிட வேண்டும். சுவரும் ஷீட்டும் சேரும் இடத்தில், நெளிநெளியாக இருக்கும் சந்தை சிமெண்ட் வைத்துப் பூசாதீர்கள். சூடான காற்று வெளியேறுவது அந்த வழியாகத்தான். ஆனால் மரநாய் வருவதும் அதே வழிதான், அதனால் அங்கே வலை அடிக்க வேண்டும். மத்தியானம் காற்று வரும் பக்கத்தில் கோணிச்சாக்கை நனைத்துத் தொங்கவிடலாம். காற்று அசையாமல் புழுங்கும் நாளில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், உள்ளே ஈரம் கூடி இன்னும் மோசமாகும்.

கீற்றுக்கூரை போட்டுவிட்டு அதற்கடியில் குண்டு பல்பைத் தொங்கவிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: கீற்றுக்கும் பல்புக்கும் நடுவே நல்ல இடைவெளி விடுங்கள், பழைய வயரை எலி கடித்திருந்தால் ஒட்டு போடாமல் புதுசாக இழுங்கள்.

எந்த வலை வாங்குவது? கடையில் கோழிவலை என்று கொடுக்கிறார்களே?

அறுகோணக் கண் வைத்த அந்த மெல்லிய கோழிவலை, கோழி வெளியே போகாமல் இருக்க. நாய் உள்ளே வராமல் இருக்க அது உதவாது. தெருநாய் இரண்டு, ராத்திரி முழுக்க நேரம் கிடைத்தால், அதைக் கிழித்துவிடும். பகலில் மேய விடும் பட்டிக்கு அந்த வலை போதும். இரவு அடையும் கொட்டகைக்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ். விலை அதிகம்தான், ஆனால் இந்த வேலை முழுவதிலும் காசைக் கணக்குப் பார்க்கக் கூடாத இடம் இது ஒன்றுதான். தீவனத் தொட்டிக்குப் பதில் பழைய பெயிண்ட் வாளி வைத்துக்கொள்ளலாம், வலைக்குப் பதில் எதுவும் இல்லை.

அடிக்கும்போது சின்ன ஆணியை மடக்கி அடித்துவிட்டுப் போகாதீர்கள். வலையின் ஓரத்தைச் சட்டத்தில் வைத்து, மேலே ஒரு ரீப்பர் கட்டையோ தகரப் பட்டியோ வைத்து ஸ்க்ரூ போட வேண்டும். கீரி வலையை வெட்டாது. ஓரத்தில் மூக்கை நுழைத்து நெம்பிப் பார்க்கும், இரண்டு அங்குலம் கிடைத்தால் உள்ளே இருக்கும். உள்ளே வந்த கீரி ஒரு கோழியோடு நிறுத்துவதில்லை. கதவுக்கடியில் இருக்கும் இடைவெளியையும் பாருங்கள், பழைய கொட்டகைக் கதவு எல்லாம் அடியில் உளுத்து மூன்று விரல் போகும்படிதான் இருக்கும். கதவை உள்பக்கமாகத் திறக்கும்படி வைத்தால், நாய் மோதியே திறக்கும். வெளிப்பக்கம் திறக்கட்டும், தாழ்ப்பாள் இரண்டு, மேலே ஒன்று கீழே ஒன்று.

பாம்பு வருமா?

வரும். எலி இருந்தால் சாரை வரும், முட்டையும் குஞ்சும் இருந்தால் நல்ல பாம்பும் வரும், நல்ல பாம்பு முட்டையை முழுசாகவே விழுங்கும். அரை அங்குல வலை பெரிய பாம்பைத் தடுக்கும், பொடிக்குட்டியைத் தடுக்காது. தீவனத்தைச் சிந்தவிடாமல் இருப்பது, ராத்திரி தொட்டியை எடுத்து மூடி வைப்பது, கொட்டகையை ஒட்டி விறகும் ஓடும் அடுக்காமல் இருப்பது, இந்த மூன்றும் எந்த வெள்ளைப்பூண்டுக் கரைசலை விடவும் பலன் தரும். முட்டை எடுக்கப் பெட்டிக்குள் கையை விடுமுன் பார்த்துவிட்டு விடுங்கள், குறிப்பாகச் சாயங்காலத்தில். உள்ளே பாம்பைப் பார்த்துவிட்டால் நீங்களே அடிக்கவோ பிடிக்கவோ போகாமல் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ போன் பண்ணுங்கள்.

உள்ளே என்னென்ன வைக்க வேண்டும்?

அடைவதற்குக் கட்டை, முட்டையிடப் பெட்டி, தீனி, தண்ணீர். அவ்வளவுதான்.

கட்டைக்குச் சவுக்கு நல்லது, இரண்டு அங்குல கனம், விளிம்பு கூர்மையாக இருக்கக் கூடாது. இரும்பு பைப் வேண்டாம், காலுக்கு வழுக்கும். ஒரு கோழிக்கு எட்டு ஒன்பது அங்குலம் என்று வைத்துக்கொண்டால், எட்டடி அகலத்துக்கு இரண்டு கட்டை போட்டால் இருபது கோழி தாராளமாக உட்காரும். தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் போதும். இரண்டு கட்டையும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்தினால் எல்லாம் மேலே போகத்தான் சண்டை போடும். கட்டைக்கடியில் ஒரு பழைய தகரத்தைச் செருகி வைத்தால், ராத்திரி எச்சம் முழுக்க அதில் விழும், காலையில் உருவித் தட்டிவிடலாம்.

பெட்டி ஐந்து கோழிக்கு ஒன்று, ஒரு அடி சதுரம். தக்காளிக் கிரேட், வாய் உடைந்த பானை, எதுவும் ஆகும். முக்கியமான விஷயம், பெட்டி அடையும் கட்டையைவிடத் தாழ்வாக, இருட்டான மூலையில் இருக்க வேண்டும். உயரமாக வைத்தால் கோழி அதில்தான் இரவு படுக்கும், காலையில் முட்டையை எச்சத்திலிருந்து தோண்டி எடுக்கலாம். எத்தனை பெட்டி வைத்தாலும் எல்லாம் ஒரே பெட்டியில்தான் போடும் என்பது வேறு விஷயம், வாசலில் நின்று ஒன்றுக்குப் பின் ஒன்று கூச்சல் போடும்.

தண்ணீர் ஒரு கோழிக்கு நாளைக்குக் கால் லிட்டர் வரை ஆகும், வெயில் காலத்தில் இரண்டு மடங்கு. மண்சட்டியில் நிழலில் வையுங்கள். வெளியே ஒரு மூலையில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து கொட்டிவிடுங்கள், அதில் புரண்டு குளித்துத் தன் பேனைத் தானே தீர்த்துக்கொள்ளும்.

தரையில் என்ன பரப்புவது, எப்போது மாற்றுவது?

நெல் உமி, தென்னை நார்க்கழிவு, கடலைத்தோல், மரத்தூள், உங்கள் ஊரில் எது மலிவோ அது. மூன்று நாலு அங்குலம். தினமும் மாற்ற வேண்டியதில்லை. வாரம் இரண்டு முறை குத்துவாரியால் கிளறிவிட்டால் எச்சம் காய்ந்து உமியோடு கலந்துவிடும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விரியுங்கள். கொழுக்கட்டை மாதிரி நிற்கிறதா, ஈரம் அதிகம். விரித்ததும் மெல்ல உதிர்கிறதா, சரியாக இருக்கிறது. தூசியாகப் பறந்தால் ரொம்பக் காய்ந்துவிட்டது, கோழிக்குத் தும்மல் வரும்.

வாடை வந்தால் சுண்ணாம்பைத் தூவு என்று எல்லோரும் சொல்வார்கள். ஈரமான உமி மேல் சுண்ணாம்பைத் தூவினால் அமோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும், கண்ணைத் திறக்க முடியாது. ஈரக்கட்டியை முதலில் அள்ளி வெளியே போட்டு, தரையில் சுண்ணாம்பு தூவி, மேலே காய்ந்த உமி போடுவதுதான் சரி. ஈரம் எப்போதும் தண்ணீர்ச் சட்டியைச் சுற்றித்தான் இருக்கும், சட்டியை ஒரு செங்கல் மேல் ஏற்றினாலே பாதிப் பிரச்சினை போய்விடும். அள்ளிய உமியை நேராகச் செடிக்குப் போட்டால் வேர் கருகும். சாணத்தோடு குவித்துச் சில மாதம் மக்கவிட்டால் கத்திரிக்கும் வாழைக்கும் அருமையான எரு.

எந்தக் கோழி வாங்கலாம்?

மேய்ந்து திரிந்து, பருந்தைப் பார்த்து ஒளியத் தெரிந்து, தானே அடைகாத்துக் குஞ்சு பொரிக்க வேண்டும் என்றால் நம் சிறுவிடை நாட்டுக்கோழிதான். வருடத்துக்கு 60-80 முட்டைதான் போடும், அதற்கு மேல் ஆசைப்பட்டால் ஏமாற்றம். முட்டை முக்கியம் என்றால் ஹைதராபாத்தில் உருவாக்கிய கிராமப்ரியா, இறைச்சியும் வேண்டும் என்றால் வனராஜா. நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் ரகங்களும் உண்டு, மாவட்டங்களில் இருக்கும் அவர்களுடைய மையங்களில் விசாரித்தால் குஞ்சு எப்போது கிடைக்கும் என்று சொல்வார்கள். கடக்நாத் பற்றித் தினமும் கேட்கிறார்கள். மத்தியப் பிரதேச ஜாபுவா பகுதியின் கோழி, கறுப்பு இறைச்சி, நல்ல கோழிதான். விளம்பரத்தில் சொல்லும் வருமானத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

முட்டைக்குச் சேவல் வேண்டுமா?

வேண்டாம். குஞ்சு வேண்டுமென்றால்தான் சேவல், எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும். பக்கத்து வீடு ஒட்டியிருந்தால் சேவல் இல்லாமலே ஆரம்பியுங்கள். விடிகாலை நாலு மணிச் சத்தத்தில் கெட்டுப்போன உறவுகள் ஏராளம்.

ஒருநாள் குஞ்சை நேராக இந்தக் கொட்டகையில் விடலாமா?

விடலாம், மூலையில் தடுப்பு வைத்து. முதல் வாரம் தடுப்புக்குள் 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்குச் சுமார் மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மாமீட்டரை விடக் குஞ்சே நன்றாகச் சொல்லும். பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்று கத்தினால் குளிர், ஓரத்தில் போய் வாய் பிளந்தால் சூடு, பரவலாக மேய்ந்தால் சரி. தடுப்பை வட்டமாக வையுங்கள், சதுரமாக வைத்தால் மூலையில் நெரித்துச் சாகும்.

வளர்ந்த கோழியாக வாங்கினால், முதல் ஒரு வாரம் வெளியே விடாமல் உள்ளேயே தீனி போடுங்கள். அதற்குப் பிறகு பொழுது சாயச் சாயத் தானாக வந்து அடையும். முதல் நாளே திறந்துவிட்டால் ராத்திரி டார்ச்சோடு வேலிவேலியாகத் தேட வேண்டியிருக்கும்.

தடுப்பூசி எல்லாம் பண்ணைக்காரர்களுக்குத்தானே?

இல்லவே இல்லை. வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய், பத்துக் கோழி இருக்கும் வீட்டையும் ஒரே வாரத்தில் துடைத்துவிடும். வந்துவிட்டால் மருந்து கிடையாது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, சில வாரம் கழித்து லசோட்டா என்ற தடுப்புமருந்து, எட்டு வாரம் ஆனதும் தோலுக்கடியில் ஊசி. அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டில் பிப்ரவரி வாக்கில் இதற்கென்றே இலவச முகாமும் நடத்துவார்கள். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவர வேண்டும், சட்டைப்பையில் போட்டு வெயிலில் வந்தால் வெறும் தண்ணீரைத்தான் கோழிக்குப் போடுகிறீர்கள். அம்மைக்கும் தனித் தடுப்பூசி உண்டு. புதுக்கோழி வாங்கி வந்தால், குறிப்பாகச் சந்தையில் வாங்கினால், இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு மற்றதோடு சேர்த்துவிடுங்கள். திடீரென்று நாலைந்து சேர்ந்தாற்போல் செத்தால் அறுத்துப் பார்க்காமல், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காமல், கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

டவுனுக்குள் இப்படிக் கொட்டகை வைக்கலாமா?

உங்கள் நகராட்சியில் அல்லது பேரூராட்சியில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள், ஊருக்கு ஊர் நடைமுறை வேறு. அதைவிடப் பெரிய அனுமதி பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்க வேண்டியது. அவர்கள் சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். ஈ வருவது ஈர எச்சத்தால்தான், உமி காய்ந்திருந்தால் ஈ இருக்காது.

எந்த மாதத்தில் வேலையை ஆரம்பிப்பது நல்லது?

தை. மழை விட்டிருக்கும், பொங்கலுக்கு எப்படியும் சுண்ணாம்பு வாங்குவீர்கள், ஆளும் கிடைப்பார்கள். தையில் தரையும் சுவரும் முடித்து, மாசியில் வலையும் கதவும் போட்டு, காலிக் கொட்டகையைக் கொஞ்ச நாள் அப்படியே காயவிட்டுக் குஞ்சு வாங்கினால், வெயில் உச்சத்துக்கு வரும்போது அவற்றுக்கு இறகு முளைத்திருக்கும், சூட்டுக்கென்று தனியாகப் பல்பு எரிக்க வேண்டிய நாளும் குறையும். ஐப்பசியில் ஆரம்பிக்கிறேன் என்பவர்கள் சிமெண்ட் காயாமலும் உமி நனைந்தும் அவதிப்படுவதுதான் வழக்கம். அவசரம் என்றால் அப்போது சாமானை மட்டும் காலி செய்து வையுங்கள், நல்ல மழையில் எந்தச் சுவர் ஓதம் காக்கிறது, கூரை எங்கே ஒழுகுகிறது என்பதைச் சாக்கட்டியால் குறித்து வைத்துக்கொண்டால் தையில் கொத்தனார் வரும்போது காட்டலாம்.